தண்டனை அல்லாத ‘பணி விலக்கு’: குருக்கள் மீதான புகார்களைத் திருச்சபை கையாளும் முறை

2016-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீலகிரியிலிருந்து வந்த ஒரு செய்தி பலரைத் திகைக்க வைத்தது. உதகை மறைமாவட்டத்தைச் சேர்ந்த குரு ஒருவர், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பணியாற்றிய காலத்தில் சிறுமியிடம் பாலியல் குற்றம் புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு, 2012-இல் தமிழ்நாட்டில் கைதாகி, 2014-இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015-இல் அங்குள்ள நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார். தண்டனைக் காலம் கழிந்து நாடு திரும்பிய அவர்மீது இருந்த பணி விலக்கை, உரோமையின், அதாவது வத்திக்கானின், ஆலோசனையைப் பெற்றபின் மறைமாவட்டம் நீக்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் மீண்டும் குருவாகப் பணிசெய்ய முடியுமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. கோவையிலோ ஈரோட்டிலோ சேலத்திலோ ஒரு குருவின்மீதோ போதகரின்மீதோ புகார் வரும்போதெல்லாம் அதே கேள்வி வேறு வடிவங்களில் திரும்ப வருகிறது.

‘விசாரணைக் குழு அமைக்கப்பட்டுள்ளது’, ‘பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டுள்ளார்’, ‘வத்திக்கானுக்கு அறிக்கை அனுப்பப்பட்டுள்ளது’ என்று செய்திகளில் வழக்கமாக வரும் மூன்று வாக்கியங்களுக்கும் சட்டப்படி என்ன பொருள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இவற்றுள் எதுவுமே தண்டனை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஆயர் என்றால் யார்?

கொங்கு நாட்டில் ஒரே சொல் இரு திருச்சபைகளில் இரு பொருள் தருகிறது. கத்தோலிக்கர் வழக்கில் ஆயர் என்பவர் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். பேராயர் என்பவர் அவருக்கும் மேலான உயர்மறைமாவட்டத்தின் தலைவர். தென்னிந்தியத் திருச்சபையில், அதாவது சி.எஸ்.ஐ.யில், ஆயர் என்பவர் ஒரு சபையின் போதகர். பேராயர் என்பவர்தாம், மறைமாவட்டத்துக்கு நிகரான திருமண்டலத்தின் தலைவர். ‘ஆயர் மீது புகார்’ என்ற தலைப்பைப் படிப்பவர், எந்தத் திருச்சபை என்று தெரியாதவரை, குற்றஞ்சாட்டப்பட்டவர் ஒரு சபையின் குருவா, பல மாவட்டங்களுக்குத் தலைவரா என்று சொல்லிவிட முடியாது. யார் யாரை விசாரிக்கலாம் என்பது இந்தப் பதவி வேறுபாட்டைப் பொறுத்தது என்பதால், இதை வெறும் சொற்குழப்பம் என்று தள்ளிவிட இயலாது.

இப்பகுதியில் இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்க மறைமாவட்டங்கள் நான்கு: கோயம்புத்தூர் (1886), சேலம் (1930), உதகமண்டலம் (1955), சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி (1997). இவற்றோடு, சீரோ மலபார் வழிபாட்டு முறையினருக்கென 2010-இல் உருவான இராமநாதபுரம் மறைமாவட்டமும் உண்டு. இந்த இராமநாதபுரம் கோவை நகரின் ஒரு பகுதி. சேதுபதிகளின் சீமை அன்று. அந்த மறைமாவட்டத்துக்குக் கீழைத் திருச்சபைகளுக்கான தனிச் சட்டத்தொகுப்பு பொருந்தும். சி.எஸ்.ஐ.யின் கோவைத் திருமண்டலம் 1950-இல் அமைந்தது. லுத்தரன் சபைகளும், எந்த மேலமைப்புக்கும் கட்டுப்படாத எண்ணற்ற சுயாதீனச் சபைகளும் இவற்றுக்கு வெளியே உள்ளன.

இரண்டு தடங்கள்

ஒரு குருவின் செயல் ஒரே நேரத்தில் இரண்டு கேள்விகளுக்கு உள்ளாகலாம்.

1. அவர் நாட்டின் சட்டப்படி குற்றவாளியா? இதைக் காவல்துறை புலனாய்வு செய்ய, நீதிமன்றம் தீர்மானிக்கிறது.

2. அவர் குருவாகத் தொடரத் தகுதியுடையவரா? இதைத் திருச்சபை தன் சட்டப்படி தீர்மானிக்கிறது.

முதல் தடத்தில் சிறைத்தண்டனை வரை செல்லலாம். இரண்டாவது தடத்தில் திருச்சபை விதிக்கக்கூடிய மிகக் கடுமையான தண்டனை, குருத்துவ நிலையிலிருந்து நீக்குவதே. ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றம் விடுவித்த ஒருவரைத் திருச்சபை தண்டிக்கலாம். திருச்சபை மன்னித்த ஒருவரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பலாம். ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டனை கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு, அரசின் வழக்குகளுக்கே உரியது. ஓர் அமைப்பின் உள்விசாரணைக்கு அது பொருந்தாது.

இரண்டு தடங்களுள் எது மேலானது என்ற ஐயத்துக்கும் இடமில்லை. திருச்சபைச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மீற முடியாது என்பதை, திருமண முறிவு தொடர்பான வழக்கொன்றில் 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, ‘எங்கள் விசாரணை முடியட்டும், பிறகு காவல்துறைக்குப் போகலாம்’ என்று ஒரு மறைமாவட்ட அலுவலகமோ திருமண்டல அலுவலகமோ சொன்னால், அது வேண்டுகோளாக இருக்கலாமே தவிர, அதற்குச் சட்ட வலிமை எதுவும் கிடையாது.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு புகாரின் பயணம்

இன்று நடைமுறையில் உள்ள விதிகள் மூன்று அடுக்குகளில் உருவானவை. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு அடித்தளம். அதன் தண்டனைப் பகுதி முழுமையாகத் திருத்தப்பட்டு 2021 டிசம்பர் 8 முதல் நடைமுறைக்கு வந்தது. சிறார் மீதான பாலியல் குற்றங்களை உரோமையின் நேரடி அதிகாரத்துக்குள் கொண்டுவந்த 2001-ஆம் ஆண்டு ஆணை இரண்டாவது அடுக்கு. ‘வோஸ் எஸ்திஸ் லூக்ஸ் முந்தி’, அதாவது ‘நீங்கள் உலகிற்கு ஒளியாய் இருக்கிறீர்கள்’ என்ற நற்செய்தி வரியைத் தலைப்பாகக் கொண்டு திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சோதனை முறையில் வெளியிட்டு, 2023-இல் நிலைப்படுத்திய ஆணை மடல் மூன்றாவது. இவற்றின்படி ஒரு புகார் கடக்க வேண்டிய கட்டங்கள் வருமாறு:

1. புகாரைப் பெறுதல். ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் பொதுமக்கள் எளிதில் அணுகக்கூடிய, நிலையான ஒரு புகார் அமைப்பு இருக்க வேண்டும். குருக்களும் துறவியரும் இத்தகைய செயலைப் பற்றி அறிந்தால் ஆயருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். புகார் தருபவரிடம் மௌனம் காக்குமாறு நிபந்தனை விதிக்கக் கூடாது. பெயரில்லாக் கடிதம் என்பதற்காக மட்டுமே ஒரு புகாரை ஒதுக்கித்தள்ளக் கூடாது என்று 2020-இல் உரோமை வெளியிட்ட கையேடு கூறுகிறது.

2. தொடக்க விசாரணை. சட்டத்தொகுப்பின் 1717-ஆவது விதி இதைப் பற்றியது. இங்கே கேட்கப்படும் கேள்வி மிகக் குறுகியது: புகாரில் உண்மை இருக்கக்கூடும் என்று தோன்றுகிறதா? குற்றம் நிரூபணமானதா என்பது இக்கட்டத்தின் வேலை அன்று. செய்திகளில் வரும் ‘விசாரணைக் குழு’ பெரும்பாலும் இந்தக் கட்டத்துக்குரியதே. அந்தக் குழு ‘முகாந்திரம் உள்ளது’ என்று சொன்னால் அது தீர்ப்பு ஆகாது.

3. முன்னெச்சரிக்கை நடவடிக்கை. 1722-ஆவது விதிப்படி, குற்றஞ்சாட்டப்பட்டவரைப் பணியிலிருந்து விலக்கலாம். குறிப்பிட்ட இடத்தில் தங்கச் சொல்லலாம், அல்லது அங்கே தங்கக் கூடாது எனலாம். பொது வழிபாடு நடத்தத் தடை விதிக்கலாம்.

4. உரோமைக்கு அனுப்புதல். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால், தொடக்க விசாரணையின் ஆவணங்கள் அனைத்தும் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறைக்குச் செல்ல வேண்டும். ஆயர் தாமே வழக்கை முடித்துவிட முடியாது. அத்துறை வழக்கை ஆயரிடமே திருப்பி நிர்வாக முறையில் முடிக்கச் சொல்லலாம். முழுமையான நீதிமன்ற விசாரணைக்கு ஆணையிடலாம். ஐயத்துக்கு இடமில்லாத, மிகக் கொடிய செயல்களில் நேரடியாகத் திருத்தந்தையிடம் கொண்டுசென்று குருத்துவ நிலையிலிருந்து நீக்கலாம்.

5. தீர்ப்பும் மேல்முறையீடும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சான்றுகளைப் பார்க்கவும், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளவும், எதிர்வாதம் செய்யவும் உரிமை உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு இந்த நடைமுறையில் கிடைக்கும் இடம் அதைவிடக் குறைவு. அவர் பெரும்பாலும் சாட்சியாக மட்டுமே நிற்கிறார். இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய குறை இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிறார் தொடர்பான குற்றத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் காலவரம்பு, பாதிக்கப்பட்டவர் 18 வயது நிறைந்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதையும் உரோமை தேவைப்படும்போது தளர்த்தலாம். இத்தகைய வழக்குகளை மூடி வைத்திருந்த ‘திருப்பீட இரகசியம்’ என்ற கட்டுப்பாட்டை 2019 டிசம்பரில் திருத்தந்தை நீக்கிவிட்டார். ஆகவே காவல்துறையோ நீதிமன்றமோ ஆவணம் கேட்கும்போது அந்த இரகசியத்தைக் காரணம் காட்ட மறைமாவட்டங்களால் இனி முடியாது.

பாதிக்கப்பட்டவர் வயதுவந்தவர் என்றால் பாதை வேறு. வலுக்கட்டாயத்தாலோ, அச்சுறுத்தியோ, பதவி அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியோ நிகழ்ந்த பாலியல் குற்றம் 1395-ஆவது விதியில் தண்டனைக்குரியதாக உள்ளது. ‘பதவி அதிகாரம்’ என்ற சொல் 2021 திருத்தத்தில்தான் சேர்ந்தது. இவ்வழக்குகளைப் பொதுவாக ஆயரே நடத்துகிறார். இரு வயதுவந்தவர்களிடையே விருப்பத்தோடு நிகழும் உறவு குருவின் கற்பு வாக்குறுதியை மீறிய செயலாகத் திருச்சபையில் விசாரிக்கப்படலாம். ஆனால் அதுவே நாட்டின் சட்டப்படி குற்றமாகாது. இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எழுதப்படும் செய்திகள், உண்மையான வன்கொடுமையின் கனத்தைக் குறைத்துவிடுகின்றன.

துறவு சபைகளைச் சேர்ந்த குருக்கள் நடத்தும் பள்ளிகளும் விடுதிகளும் கொங்கு மாவட்டங்களில் கணிசமாக உள்ளன. அத்தகைய குருவின்மீது புகார் என்றால், அவரது துறவு சபையின் மாநிலத் தலைவரே (அரசின் மாநிலம் அன்று, சபையின் நிர்வாக மண்டலம்) முதல் பொறுப்பாளர். மறைமாவட்ட அலுவலகத்துக்கும் சபைத் தலைமைக்கும் இடையே புகார் அலைக்கழிக்கப்படுவதைத் தவிர்க்க, இரு இடங்களுக்கும் ஒரே நாளில் கொடுப்பது நல்லது.

விலக்கு, இடமாற்றம், நீக்கம்

மூன்றையும் ஒன்றாக எண்ணுவதாலேயே பெரும்பாலான குழப்பங்கள் நேர்கின்றன.

பணி விலக்கு என்பது விசாரணைக் காலத்துக்கான தற்காலிக ஏற்பாடு. அதற்குரிய காரணம் நீங்கினாலோ, வழக்கு தண்டனையின்றி முடிந்தாலோ, அதுவும் முடிந்துவிடும். நீக்கம் என்பது இறுதித் தண்டனை. நீக்கப்பட்டவர் குருவுக்குரிய உடை, பட்டம், பணி எதையும் கொள்ள முடியாது. ஆயினும் கத்தோலிக்க இறையியலின்படி குருத்துவ அருட்பொழிவு அழியாதது என்பதால், சாகும் தறுவாயில் உள்ள ஒருவருக்கு அவர் பாவமன்னிப்பு வழங்கினால் அது செல்லும்.

கேரளத்தின் கொட்டியூர் வழக்கில், சிறுமியை வன்கொடுமை செய்த குருவுக்குத் தலச்சேரி நீதிமன்றம் 2019-இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அதன் பின்னர் உரோமை அவரைக் குருத்துவ நிலையிலிருந்து நீக்கியது. உதகை வழக்கில் நீங்கியது பணி விலக்கு. நீக்கம் என்ற தண்டனை அங்கே விதிக்கப்படவில்லை. திருச்சபைச் சட்டத்தின் எழுத்துக்கு அது முரணாக இல்லாதிருக்கலாம். ஆனால் ஒருவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் தற்காலிக ஏற்பாட்டைத் தாண்டி எதுவும் விதிக்கப்படவில்லை என்பதை, பாதிக்கப்பட்டவர் தரப்பு ஏன் ஏற்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ளச் சட்ட அறிவு தேவையில்லை.

இடமாற்றம் இந்த வரிசையில் எங்கும் இல்லை. சட்டத்தொகுப்பில் அது நிர்வாகச் செயல். புகாருக்கான விடை அன்று. தாராபுரம் பக்கம் புகார் எழுந்த குருவைக் கோத்தகிரிப் பக்கம் அனுப்பினால், பழைய பங்கின், அதாவது அவர் பொறுப்பிலிருந்த ஆலய வட்டாரத்தின், மக்களுக்கு நிம்மதி கிடைக்கலாம். புதிய பங்கின் மக்களுக்கு எதுவும் தெரியாது. புகாரை அறிந்தும் நடவடிக்கை எடுக்காமல் விடும் அதிகாரி தாமே தண்டனைக்குரியவர் என்பதையும் 2021-இன் திருத்தம் சொல்கிறது.

விலக்கப்பட்ட குரு ஆயர் இல்லத்திலேயே தங்கி உதவித்தொகை பெறுவதைக் கண்டு கோபப்படுவோரும் உண்டு. தண்டிக்கப்பட்ட குருவுக்கும் அடிப்படை வாழ்வுக்கு வழி இருக்க வேண்டும் என்பது 1350-ஆவது விதி. குற்றம் இன்னும் தீர்மானிக்கப்படாதவருக்கு அது மறுக்கப்படுவதில்லை. அதைப் பாதுகாப்புக் கொடுத்து மறைத்து வைப்பதாகக் கொள்ள வேண்டியதில்லை, அவர் இருக்கும் இடம் காவல்துறைக்குத் தெரிந்திருக்கும் வரையில்.

புகார் ஆயர் மீதே என்றால்

2019 ஆணையின் முக்கியமான மாற்றம் இதுவே. தம் ஆயரைக் குறித்த புகாரை உயர்மறைமாவட்டப் பேராயரிடமோ, நேரடியாக உரோமையிடமோ, வத்திக்கானின் பிரதிநிதியான திருப்பீடத் தூதர் வழியாகவோ கொடுக்கலாம். பேராயர் உரோமையின் அனுமதி பெற்று விசாரிப்பார். கொங்கு நாட்டில் இதற்கு ஒரே முகவரி கிடையாது. கோவை, உதகை ஆயர்களுக்கு உரிய பேராயர் சென்னை-மயிலாப்பூரில் இருக்கிறார். சேலம், தருமபுரி ஆயர்களுக்கு உரியவர் புதுச்சேரி-கடலூர்ப் பேராயர்.

இரு தடங்களும் எவ்வாறு தனித்தனியே நகரும் என்பதற்கு ஜலந்தர் ஆயரின் வழக்கு ஓர் எடுத்துக்காட்டு. அருள்சகோதரி ஒருவரின் புகாரில் 2018-இல் கைதான அவரைக் கோட்டயம் நீதிமன்றம் 2022 ஜனவரியில் விடுவித்தது. ஆனாலும் 2023 ஜூனில் அவரது பதவி விலகலைத் திருத்தந்தை ஏற்றுக்கொண்டார். அது ஒழுங்கு நடவடிக்கை அன்று, மறைமாவட்டத்தின் நலன் கருதிய முடிவு என்று விளக்கமும் தரப்பட்டது.

தென்னிந்தியத் திருச்சபையும் சுயாதீனச் சபைகளும்

சி.எஸ்.ஐ.யில் உரோமைக்கு நிகரான மைய அதிகாரம் இல்லை. 1947-இல் பல சபைகள் இணைந்து உருவான இத்திருச்சபைக்குத் தன் சாசனம் உண்டு. ஆயர் மீதான ஒழுங்குப் புகார்களைத் திருமண்டல நீதிமன்றமும், பேராயர் மீதான புகார்களையும் மேல்முறையீட்டையும் திருச்சபையின் உச்ச மன்றமான சினாடின் நீதிமன்றமும் கேட்பதற்கு அதில் வழி செய்யப்பட்டுள்ளது. நடைமுறையில் பேராயர், செயற்குழு, உள்ளூர்ச் சபையின் சேகரக் குழு ஆகிய மூன்றின் வழியாகவே பெரும்பாலான புகார்கள் நகர்கின்றன. இவை தேர்தலால் அமைபவை என்பதால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு: சபையாருக்குக் குரல் இருக்கிறது, அதே வேளையில் ஒவ்வொரு புகாரும் அணி அரசியலாகப் பார்க்கப்பட்டு, உண்மையான பாதிப்பு அந்த இரைச்சலில் அமுங்கிப்போகிறது.

சுயாதீனச் சபைகளில் போதகரே நிறுவனர், அறங்காவலர், கணக்கர், சில சமயம் கட்டிடத்தின் உரிமையாளரும்கூட. அங்கே புகார் கொடுக்க உள்ளே யாருமே இல்லை. அத்தகைய இடத்தில் முதல் தடம் ஒன்றே மிஞ்சுகிறது.

நாட்டின் சட்டம் என்ன சொல்கிறது?

1. சிறார் என்றால் போக்சோ. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் இச்சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, குற்றம் பற்றி அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காதவருக்கு 6 மாதம் வரையிலும், தம் கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை மறைத்த நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையிலும் சிறை கிடைக்கலாம். பள்ளித் தாளாளரான குருவும், விடுதிக் காப்பாளரான அருள்சகோதரியும் இந்த வரம்புக்குள் வருவர். மத நிறுவனத்தின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் அங்குள்ள சிறாரிடம் குற்றம் புரிந்தால், அது கூடுதல் தண்டனைக்குரிய கடுங்குற்றம். சிறாரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது 23-ஆவது பிரிவின்படி குற்றம். பங்கின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதற்கும் இது பொருந்தும்.

2. பணியிடம் என்றால், பெண்களுக்கு எதிரான பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் பள்ளி, மருத்துவமனை, மறைமாவட்ட அலுவலகம் ஆகியவற்றில் பெண் தலைமையிலான உள்புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்கு மாவட்ட அளவிலான குழு உண்டு. சம்பளம் பெறாத தன்னார்வப் பணியாளரும் இதில் அடங்குவர். நிகழ்ந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் 2017-இல் இதற்கெனத் தன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

3. பணம் என்றால் நம்பிக்கை மோசடி. பங்கு நிதியோ சபைச் சொத்தோ கையாடப்பட்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் காவல்துறையில் புகார் தரலாம்.

குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் சடங்கான பாவசங்கீர்த்தனம் குறித்து ஒரு சிக்கல் இன்னும் தீராமலே உள்ளது. அங்கே கேட்டதை எக்காரணத்துக்காகவும் வெளியிடக் கூடாது என்பது 983-ஆவது விதி. மீறும் குரு உடனடியாகத் திருச்சபையிலிருந்து விலக்கப்படுகிறார். போக்சோவின் 19-ஆவது பிரிவிலோ விலக்கு எதுவும் இல்லை. வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையேயான பேச்சுக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பைப் போன்ற ஒன்று குருவுக்குத் தரப்படவும் இல்லை. ஒரு சிறுமி தனக்கு நேர்ந்த கொடுமையை அங்கே சொன்னால், அதை வெளியே நம்பகமான ஒருவரிடம் சொல்லுமாறு அவளைக் குரு ஊக்குவிக்க வேண்டும் என்ற அளவிலேயே உரோமையின் கையேடு நிற்கிறது.

‘பேசி முடித்துக்கொள்ளலாம்’

கொங்கு நாட்டில் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கும் வழக்கம் ஆழமானது. வாய்க்கால் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் அது நன்றாகவே உதவியிருக்கிறது. பங்குப் பேரவையினர், உறவினர், உள்ளூர்ப் பிரமுகர் என நான்கு பேர் கூடி ‘பிள்ளையின் பேர் கெட்டுவிடும்’ என்று பெற்றோரை அமைதிப்படுத்துவது அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகவே வருகிறது. ஆனால் போக்சோ குற்றத்தில் சமரசத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. பெற்றோரும் குற்றஞ்சாட்டப்பட்டவரும் உடன்பட்டார்கள் என்பதற்காக வழக்கை ரத்து செய்ய முடியாது என்று, ஆசிரியர் ஒருவர் மீதான வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிந்தும் தெரிவிக்காத குற்றம், அத்தகைய பேச்சில் அமர்ந்திருந்த நால்வர் மீதும் வரக்கூடும்.

புகார் தருபவர் கவனிக்க வேண்டியவை

சிறார் தொடர்பானது என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையமோ 1098 என்ற உதவி எண்ணோ முதல் இடம். மறைமாவட்டத்துக்குத் தருவது அதோடு சேர்ந்து நடக்கலாம், அதற்குப் பதிலாக அன்று. நிகழ்விடம் வேறு காவல் எல்லைக்குள் இருந்தாலும் எந்த நிலையத்திலும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும் என்பதை 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா உறுதி செய்கிறது. கூடலூரில் நடந்ததைக் கோவையில் பதிவு செய்யலாம்.

திருச்சபைக்குத் தரும் புகார் எழுத்தில், நாளிட்டு, இடமும் சூழலும் குறித்து இருக்க வேண்டும். பதிவுத் தபாலிலோ நேரில் ஒப்புகை பெற்றோ கொடுக்க வேண்டும். நேரில் ஆயரைச் சந்தித்துக் கண்ணீரோடு சொல்லிவிட்டு வருவதற்குச் சான்று எதுவும் மிஞ்சாது. எல்லாவற்றுக்கும் நகலைத் தம்மிடமே வைத்துக்கொள்வதற்குச் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. ஆயர் இல்லத்தின் இரகசிய ஆவணக் காப்பகத்தில், குற்றஞ்சாட்டப்பட்டவர் இறந்துவிட்ட வழக்குகளின் ஆவணங்களையும், தண்டனைத் தீர்ப்புக்குப் பின் 10 ஆண்டுகள் கடந்தவற்றையும், சுருக்கக் குறிப்பையும் தீர்ப்பின் வாசகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் அழித்துவிட வேண்டும் என்று 489-ஆவது விதி இன்றும் சொல்கிறது.